200 மீட்டர்னு போட்டிருந்தா டைவ் வாட்ச் ஆயிடுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கெழம இணைப்புல கம்மி வெலைல கெடைக்கிற ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச் (செல் இல்லாம கை அசைவுலயே ஓடுற, தண்ணிக்குள்ள முங்குறவங்களுக்கான வாட்ச்) பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் கண்ணப் பறிக்குது, எங்க அக்கா பையன் அத போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பி மாமா இதுல எத வாங்கட்டும்னு கேட்டு உயிர எடுக்குறான். எல்லாம் சரி தான், ஆனா 100 மீட்டர் ஆழம் தண்ணி தாங்கும்னு போட்ட வாட்சு, 200 மீட்டர் வாட்சு, டைவர்ஸ்னு டயல்லயே அடிச்ச வாட்சு மூணையும் ஒரே வரிசைல நிக்க வச்சு டிசைனுக்கும் வெலைக்கும் மட்டும் ஸ்டார் குடுத்துட்டீங்க பாருங்க, அங்க தான் இடிக்குது. 20 ஆயிரம் 25 ஆயிரம்னு துட்டு போட்டு வாங்கப் போறவன் மொதல்ல பாக்க வேண்டியது அந்த மூணுக்கும் இருக்குற வித்தியாசத்த. ரெண்டாவது அந்த வாட்ச நாளைக்கு தொறந்து ஒழுங்கா மூடுறதுக்கு நம்ம ஊர்ல ஆள் இருக்கானு. கலரு, டிசைனு, செயின் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

வேலூர்ல எவன் டைவ் அடிக்கிறான், இவனுக்கு இன்னா வந்துச்சுனு கேப்பீங்க. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லா கோட்டைனு நம்ம ஊர நாமளே கிண்டல் பண்றது பழைய கதை, பாலாத்துல கணுக்கால் தண்ணி ஓடுனாலே வண்டிய ஓரங்கட்டி செல்ஃபி எடுக்குற ஜனம் நாம. ஆனா குடியாத்தம் பக்கம், அணைக்கட்டு பக்கம், ஒடுகத்தூர் பக்கம் மே மாச லீவுல போய் பாருங்க, பம்புசெட் கெணத்துல மேட்டுல இருந்து தலகீழா பாயாத பையன் யாரு? வாட்ச கழட்டி பத்திரமா துணி மேல வச்சிட்டு குதிக்கிற பொறுமை எவனுக்கும் கெடையாது. அது போக அக்னி நட்சத்திரத்துல 42, 43 டிகிரில பைக் ஓட்டிட்டு வந்தா கைல வழியிற வேர்வை இருக்கே, அதுவும் உப்புத் தண்ணி தான சார். அதனால நம்ம ஊருக்கும் தண்ணி தாங்குற வாட்ச் தேவை தான், கடல் இல்லனாலும்.

இப்ப மீட்டர் கணக்குக்கு வரேன். 10 மீட்டர் ஆழம் எறங்குனா கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் கூடும், அந்த கணக்குல 200 மீட்டர்னா 20 பார். நம்ம பக்கத்து கெணத்துல 60 அடி தண்ணியே நின்னாலும் அது 18 மீட்டர் தான், 2 பார் கூட வராது. அப்போ 30 மீட்டர்னு போட்ட சாதா வாட்சே போதுமேனு தோணும், போதாது. அந்த 30 மீட்டர்ன்றது புது வாட்ச அசையாத தண்ணில வச்சு பாத்த கணக்கு, அதுவும் ஒவ்வொரு பீஸையும் பாக்கணும்னு கட்டாயம் இல்ல, லாட்ல சிலத எடுத்து பாத்தா போதும்னு சாதா வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்சுக்கான ஸ்டாண்டர்டே சொல்லுது. நடைமுறைல 30 போட்டது கை கழுவ, மழைல நனைய. 50 போட்டது சும்மா லைட்டா நீச்சல். 100 இருந்தா கெணறு, பீச்சு எல்லாம் ஓகே. கைய வேகமா வீசி நீச்சல் அடிச்சா அழுத்தம் பல மடங்கு எகிறிடும்னு ஒரு புரளி வேற சுத்திக்கிட்டு இருக்கு, நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல கைய வீசுனாலும் ஒண்ணேகால் மீட்டர் ஆழத்து அழுத்தம் தான் கூடும், பிளஸ் டூ பிசிக்ஸ் தெரிஞ்ச பையனே போட்டு பாத்துக்கலாம். வாட்சுக்குள்ள தண்ணி பூறுறதுக்கு காரணம் அது இல்ல, உள்ள இருக்குற ரப்பர் ரிங் காஞ்சு போயிருக்கும், இல்லனா டைம் மாத்த சாவிய இழுத்துட்டு அமுக்க மறந்திருப்பாங்க.

அந்த டைவர்ஸ்ன்ற எழுத்து எதுக்குனு கேட்டா, ஐஎஸ்ஓ 6425னு ஒரு சர்வதேச ஸ்டாண்டர்ட் இருக்கு, கொறஞ்சது 100 மீட்டர் தாங்கணும், ஒவ்வொரு வாட்சும், திரும்ப சொல்றேன் ஒவ்வொரு வாட்சும், போட்டிருக்குற ஆழத்த விட 25 சதவீதம் அதிக அழுத்தத்துல டெஸ்ட் ஆகணும். 200னு போட்டா 250க்கு பாத்திருக்கணும். உப்புத் தண்ணில 24 மணி நேரம் ஊற வச்சு துரு புடிக்குதானு பாப்பாங்க. இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து டைம் தெரியணும், வாட்ச் ஓடுதா நின்னுச்சானும் தெரியணும், அதனால தான் செகண்ட் முள்ளுலயும் ஒரு பொட்டு ரேடியம் இருக்கும் (ரேடியம்னு சொல்றோமே தவிர இப்ப வர்றதுல ரேடியம் எல்லாம் கெடையாது, வெளிச்சத்த குடிச்சு வச்சிக்கிற வேற பவுடர்). காந்தம், அடி எல்லாத்துக்கும் தனி டெஸ்ட். எனக்கு புடிச்சது ஒண்ணு இருக்கு, 40 டிகிரி தண்ணில 10 நிமிஷம், ஒடனே 5 டிகிரி தண்ணில 10 நிமிஷம், மறுபடி 40ல 10 நிமிஷம் போட்டு எடுப்பாங்க, அப்புறம் வாட்ச சூடு பண்ணி கண்ணாடி மேல ஒரு சொட்டு பச்சத் தண்ணி வச்சு ஒரு நிமிஷம் கழிச்சு தொடைப்பாங்க, உள்பக்கம் பனி மாதிரி மூடுனா பெயில். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல காஞ்ச வாட்சோட ஜில்லுனு இருக்குற கெணத்துல குதிக்கிறவனுக்கு இத விட பொருத்தமான டெஸ்ட் எது சார்? இதெல்லாம் பாஸ் ஆனா தான் டயல்ல டைவர்ஸ்னு போடணும். வெறும் வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்னு இருந்தா அது மோசமான வாட்ச்னு அர்த்தம் இல்ல, இந்த முழு டெஸ்டுக்கு கம்பெனி கையெழுத்து போடலனு அர்த்தம்.

சரி, உங்க லிஸ்ட்டுக்கே வருவோம். சீகோ 5 ஸ்போர்ட்ஸ்ல எஸ்ஆர்பிடி சீரீஸ நீங்க மொத எடத்துல வச்சீங்க. பாக்க பழைய எஸ்கேஎக்ஸ் 007 மாதிரியே இருக்கும், அது 1996ல வந்து 2019 வரைக்கும் ஓடுன வாட்ச், டைவர்ஸ் 200 மீட்டர், திருகி மூடுற சாவி. அது போன பிற்பாடு அதே மூஞ்சியோட வந்தது தான் இந்த எஸ்ஆர்பிடி, மிஷின் 4ஆர்36, கையாலயும் சாவி குடுக்கலாம், செகண்ட் முள்ள நிறுத்தி கரெக்டா டைம் வைக்கலாம், பழைய 7எஸ்26ல இந்த ரெண்டுமே கெடையாது, அப்டி பாத்தா மிஷின் ஒரு படி மேல தான். ஆனா 100 மீட்டர் தான், சாவி திருகி மூடுறது கெடையாது, பின்னாடி கண்ணாடி போட்ட மூடி. சீகோவே அத டைவ் வாட்ச்னு சொல்றதில்ல, ஸ்போர்ட்ஸ்னு தான் சொல்லுது, நீங்க தான் சார் டைவ் வாட்ச்னு எழுதிட்டீங்க. தெனம் போட, ஆபீஸ் போக அருமையான வாட்ச், நான் கொற சொல்லல. அந்த வகைய மாத்திடுங்கன்றேன், அவ்ளோ தான்.

ஓரியன்ட் கமாசு உங்க லிஸ்ட்ல அஞ்சாவதா இருந்துச்சு, என்னக் கேட்டா இந்த வெலைக்கு அத தான் மேல வைப்பேன். 200 மீட்டர், திருகு சாவி, கீறல் விழாத சஃபயர் கண்ணாடி, கிழமை தேதி ரெண்டும் இருக்கு, சொந்த மிஷின் எஃப்6922, இதுலயும் கையால சாவி குடுக்கலாம், செகண்ட் முள் நிக்கும். டயல்ல டைவர்ஸ்னு இருக்காது, வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்னு தான் இருக்கும், அது மட்டும் தான் மைனஸ். கெணத்துக்கும் ஏலகிரி ஸ்விம்மிங் பூலுக்கும் போறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஓரியன்ட்டும் சீகோ எப்சன் குரூப் தான்றது பல பேருக்கு தெரியாது.

எழுத்துக்கு எழுத்து டைவர்ஸ் தான் வேணும்னு நிக்கிறவனுக்கு சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்ஒய் 0040. இதோட சாவி எடது பக்கம் 8 மணி எடத்துல இருக்கும், மொத தடவ பாக்குறவன் வாட்ச தலகீழா கட்டிட்டியாடானு கேப்பான், ஆனா மணிக்கட்ட மடக்குனா குத்தாது, அது தான் அதோட சுகம். நம்ம அப்பாங்க கட்டுன எச்எம்டி வாட்சே 1961ல சிட்டிசன் கூட கூட்டு சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது தான, அதனால எனக்கு இந்த கம்பெனி மேல ஒரு பாசம் உண்டு, அத தள்ளிட்டு சொல்றதுனா கண்ணாடி சாதா மினரல், கீறல் விழும், மிஷினும் பழசு, செகண்ட் முள்ள நிறுத்தி டைம் வைக்க முடியாது. கை அசைவுக்கு உள்ள சுத்துற ரோட்டர்ன்ற எடை ஒரு பக்கம் சுத்துறப்ப தான் ஸ்ப்ரிங் ஏறும், மறுபக்கம் சும்மா விர்ர்னு சுத்தும், கைய ஆட்டுனா அது தெரியும், ரிப்பேர்னு நெனச்சு கடைக்கு ஓடாதீங்க. இன்னும் கொஞ்சம் துட்டு இருந்தா சீகோ டர்ட்டில், டைவர்ஸ் 200 மீட்டர், 4ஆர்36 மிஷின், ஆனா அகலம் 44 மில்லிமீட்டருக்கு மேல, ஒல்லிக் கைக்காரன் போட்டா வாட்ச் தான் தெரியும் ஆள் தெரியாது.

இன்விக்டா ப்ரோ டைவர் 8926ஓபி, அப்புறம் பகானி டிசைன், சான் மார்ட்டின் மாதிரி சீன கம்பெனிங்க. இதுல நெறைய மாடல் 1953ல வந்த ரோலெக்ஸ் சப்மரினர பாத்து செஞ்ச சாயல், பேரு வேற போட்டிருக்கறதால டூப்ளிகேட் ஆகாது, ஆனா சாயல் தான். அது புடிக்கிறதும் புடிக்காததும் அவங்கவங்க இஷ்டம். இதுல பல மாடல்ல சீகோ குரூப் செஞ்சு விக்கிற என்ஹெச்35 மிஷின் தான் இருக்கும், அது ஒரு பெரிய பிளஸ், ஏன்னு கீழ சொல்றேன். வெளிநாட்ல இருந்து நேரா வர வச்சா கஸ்டம்ஸ் டூட்டி தனியா வரும், வாரன்டிக்கு வாட்ச திரும்ப அங்கயே அனுப்பணும், இத ரெண்டையும் வெலையோட கூட்டி பாத்துட்டு அப்புறம் அது சீப்பா இல்லையானு சொல்லுங்க.

மிஷின் பத்தி உங்க ஆளு நெறைய எழுதிட்டாரு, கல்லு எத்தன, துடிப்பு எத்தனனு. வாங்குறவனுக்கு அது தேவையே இல்ல. தேவைப்படுறது ஒரு நாளைக்கு எத்தன செகண்ட் தப்பும்ன்றது. கம்பெனி சொல்ற கணக்குப்படி என்ஹெச்35 ஒரு நாளைக்கு 20 செகண்ட் ஸ்லோவுல இருந்து 40 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும், 4ஆர்36 35 ஸ்லோ 45 ஃபாஸ்ட், ஓரியன்ட் 15 ஸ்லோ 25 ஃபாஸ்ட். நெசத்துல நெறைய பீஸ் இத விட நல்லாவே ஓடும், ஆனா ஒரு நிமிஷம் தப்புனாலே கடைக்காரன் கிட்ட சண்டைக்கு போற ஆளு ஆட்டோமேட்டிக்கே வாங்காதீங்க, செல் போட்ட கேசியோ டியூரோ வாங்குங்க, 200 மீட்டர், பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும், மாசத்துக்கே சில செகண்ட் தான் தப்பும். நெஜமா சொன்னா முக்கால்வாசி பேருக்கு அதுவே போதும், இத உங்க பக்கத்துல ஒரு வரி கூட எழுதலையே சார். ஆட்டோமேட்டிக்ன்றது உள்ள பல் சக்கரம் ஓடுறத ரசிக்கிறவனுக்கு. கைல போடாம வச்சா 40, 41 மணி நேரத்துல நின்னுடும், வெள்ளிக்கெழம ராத்திரி கழட்டுனா ஞாயித்துக்கெழம மத்தியானம் நின்னுருக்கும். ராத்திரி 9 மணில இருந்து விடிகாலை 4 மணி வரைக்கும் முள் இருக்குறப்ப தேதிய மாத்தக்கூடாது, தேதி மாத்துற பல் சக்கரம் அப்ப தான் மாட்டிக்கிட்டு இருக்கும், வம்பா திருப்புனா ஒடையும். போன், ஸ்பீக்கர் பக்கத்துல வச்சு திடீர்னு நாளைக்கு அஞ்சு பத்து நிமிஷம்னு ஃபாஸ்ட்டா ஓடுனா அது காந்தம் ஏறுனது, மிஷின் போனது இல்ல, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்.

பெசல், அதான் கண்ணாடிய சுத்தி இருக்குற வளையம், எதுக்குனு தெரியாமலே சுத்தி வெளாடுறவங்க தான் ஜாஸ்தி. நிமிஷ முள்ளுக்கு நேரா அந்த முக்கோணத்த வச்சா எத்தன நிமிஷம் ஆச்சுனு தெரியும், இடப்பக்கமா மட்டும் தான் சுத்தும், தண்ணிக்குள்ள தெரியாம இடிச்சு நகந்தாலும் ஆன நேரத்த அதிகமா காட்டுமே தவிர கம்மியா காட்டாது, காத்து தீர்றதுக்கு முன்னாடி ஆள் மேல வந்துடுவான். வாங்குறப்ப கடைலயே பெசல சுத்தி 12க்கு நேரா கரெக்டா நிக்குதானு பாருங்க, ஒரு கோடு தள்ளி நின்னா வேற பீஸ் கேளுங்க, வெல எவ்ளோவா இருந்தாலும். சைஸ்ல வெறும் அகலத்த பாக்காதீங்க, ஸ்ட்ராப் மாட்டுற மேல் காதுல இருந்து கீழ் காது வரைக்கும் எவ்ளோனு பாருங்க, எஸ்ஆர்பிடி 42.5 அகலம் இருந்தாலும் மேல கீழ 46 தான், அதனால தான் சின்ன கைக்கும் உக்காருது.

ஸ்ட்ராப் பத்தி ஒரே வார்த்த. ஆம்பூர், ராணிப்பேட்டைனு தோலுக்கு பேர் போன எடத்துல ஒக்காந்துக்கிட்டு சொல்றேன், தோல் ஸ்ட்ராப்போட தண்ணில எறங்காதீங்க, நாத்தம் புடிச்சு வெடிச்சிடும். ரப்பர், நைலான், இல்ல செயின்.

இன்னொன்ன உங்க பக்கம் தொடவே இல்ல. ஆன்லைன்ல 3 ஆயிரம் 4 ஆயிரத்துக்கு பழைய சீகோ ஆட்டோமேட்டிக், பழைய சீகோ டைவர்னு பளபளனு ஆரஞ்சு, பச்ச டயலோட வருது பாருங்க, வாட்ச் பிரியருங்க இதுக்கு மும்பை ஸ்பெஷல்னே பேர் வச்சிருக்காங்க. நாலு பழைய வாட்ச ஒடச்சு ஒண்ணாக்கி, டயலுக்கு புதுசா பெயின்ட் அடிச்சு, எழுத்த மறுபடி அச்சடிச்சு விக்கிறது. எழுத்து கொஞ்சம் தடிச்சிருக்கும், கோணலா இருக்கும், பின்மூடி நம்பரும் டயல் நம்பரும் ஒத்துப் போகாது. பாக்க வச்சிக்க ஆசையா இருந்தா வாங்குங்க, அது டைவர்ஸ்னு போட்டிருக்கேனு நம்பி தண்ணில எறங்குனா அன்னைக்கே முடிஞ்சிது.

கடைசியா சர்வீஸ், எனக்கு இது தான் மெயின். லாங் பஜார் பக்கம் நான் வழக்கமா போற வாட்ச் கடை பாய் கிட்ட இத பேசிட்டு இருந்தப்ப அவர் சொன்னாரு, "சார், வாட்ச எவன் வோணா தொறப்பான், மூடறவன் தான் கம்மி. அந்த ரப்பர் ரிங்கு காஞ்சி கீது, அதயே திருப்பி போட்டு மூடி குடுத்துடறான், அப்பால இன்னா 200 மீட்டரு?" அவ்ளோ தான் விஷயம். என்ஹெச்35 மாதிரி மிஷின் கெட்டா புது மிஷினே கம்மி வெலைல கெடைக்கும், ஆயிலிங் பண்ற காசுக்கே முழுசா மாத்திடலாம், இத மாத்தத் தெரிஞ்ச ஆளு நம்ம ஊர்லயே இருக்காரு, அதான் பெரிய பிளஸ்னு மேல சொன்னேன். ஆனா பின்மூடிய ஒரு தடவ தொறந்தாச்சுனா ரிங் புதுசு போடணும், சிலிக்கான் கிரீஸ் தடவணும், அழுத்தம் குடுத்து லீக் இருக்கானு டெஸ்ட் மிஷின்ல பாக்கணும், அப்ப தான் டயல்ல இருக்குற எழுத்துக்கு மதிப்பு. அந்த டெஸ்ட் மிஷின் இல்லாத கடை தான் ஜாஸ்தி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் செயின் கண்ணி கழட்டப் போன எடத்துல கடைக்காரர் மிஷின் எப்டி இருக்குனு பாக்கலாமேனு பின்மூடியையும் தொறந்து மூடிட்டாரு, அடுத்த மழைக்கே கண்ணாடிக்குள்ள பனி. வாட்ச் மேல தப்பு இல்ல, எந்த கம்பெனி வாட்சா இருந்தாலும் அப்டி தான் ஆகியிருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் காயும், தண்ணில புழங்குற வாட்சுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரிங்க பாத்துடுறது நல்லது.

அதனால சார், அடுத்த தடவ இப்டி பக்கம் போடுறப்ப ஸ்டார் எல்லாம் வேணாம், ஒவ்வொரு வாட்சுக்கும் நேரா டயல்ல டைவர்ஸ்னு இருக்கா இல்லையா, சாவி திருகு சாவியா, இந்திய வாரன்டி கார்டு வருதா, நம்ம மாவட்டத்துல இல்லனா சென்னைல எங்க அழுத்தம் டெஸ்ட் பண்ணி குடுப்பாங்கனு நாலு கட்டம் போட்டா போதும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துல எந்தெந்த கடைல அந்த டெஸ்ட் மிஷின் இருக்குனு உங்க நிருபருங்கள விட்டு விசாரிச்சு போட்டீங்கனா இன்னும் நல்லது, நான் விசாரிச்சு அலையிறத விட உங்களுக்கு அது சுலபம். அக்கா பையனுக்கு கமாசு நீலக் கலர் சொல்லிட்டேன், அவன் பச்சன்றான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.